எரிச்சே மலையில் என் மொச்சைப் படிகங்கள்

ஓடினேன் என்றால் அப்படி ஓர் ஓட்டம். ஐம்பத்தாறு வயது. புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் கணவரின் மப்ளர், காலில் ரப்பர் செருப்பு, பாதி பின்னிய தலை. பூத்துவாலையில் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழுக்குகிற கல் பாவிய சந்தில், எதிரே என்ன வருகிறது என்றே தெரியாத மேகத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும்.

திடீரென்று எதிரில் ஒரு தாத்தாவும் ஒரு நாயும் முளைத்தார்கள். "ஹட்டோ, ஹட்டோ!" என்று கத்தினேன். சிகந்தராபாத் ஸ்டேஷனில் போர்ட்டர்கள் கத்துகிற அதே தொனி. இத்தாலியில் அது யாருக்குப் புரியும்? ஆனாலும் தாத்தா சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். நாய்தான் என்னை ஒரு முறை முறைத்தது.

அந்தத் தட்டில் என் மானம் இருந்தது. என் மானம் மட்டுமா, எங்கள் ஆய்வுக்கூடத்தின் மானமும்தான்.

போன வாரம் நான் இங்கே எழுதிய லாலாகுடா குவார்ட்டர்ஸ் தண்ணீர்க் குழாய்ச் சண்டையைப் படித்துவிட்டு, 'சாரதாம்மா, சண்டை போதும், ஏதாவது ஊர் சுற்றிய கதை சொல்லுங்கள்' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சொல்கிறேன். ஆனால் இதிலும் கொஞ்சம் சண்டை உண்டு. அது இல்லாமல் நான் எங்கே போனேன்?

தட்டில் இருந்தது என்ன?

சிகந்தராபாத் தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் டெக்னீஷியனாக இருந்தேன். படிகம் வளர்ப்பது என் வேலை. கற்கண்டு தெரியுமல்லவா? பாகில் நூலைத் தொங்கவிட்டால் மெல்ல மெல்லக் கட்டி கட்டியாகப் பிடிக்குமே, அதுதான் படிகம். புரதத்தையும் அப்படிப் படிகமாக்கலாம். ஆக்கிவிட்டால், எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி அந்தப் புரதம் உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிப்பது விஞ்ஞானிகள். வளர்த்துக் கையில் கொடுப்பது என்னைப் போன்றவர்கள்.

எங்கள் புரதம் மொச்சைக்கொட்டையிலிருந்து எடுத்தது. சிரிக்காதீர்கள். மோண்டா மார்க்கெட்டில் கிலோ கணக்கில் வாங்கி, ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி, சுத்தம் செய்து, சுத்தம் செய்ததை மறுபடி சுத்தம் செய்து, கடைசியில் ஒரு ஸ்பூன்கூட வராத தெளிந்த நீர் கிடைக்கும். அதில் ஒரு சொட்டு, உப்புக் கரைசலில் ஒரு சொட்டு. இரண்டையும் ஒரு கண்ணாடிச் சில்லில் கலந்து, தட்டிலுள்ள குழிமேல் கவிழ்த்து மூடிவிட வேண்டும். ஒரு தட்டில் இருபத்து நான்கு குழி. தார்நாகாவில் இரண்டே நாளில் சொட்டுக்குள் படிகம் முளைத்துவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மூக்குத்திக் கல் மாதிரி மின்னும். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அது சலித்ததில்லை.

டென்மார்க்கிலிருந்து ஒரு கடிதம்

எங்கள் குழுத் தலைவர் திருநெல்வேலிக்காரர். எங்களுக்கெல்லாம் அவர் வெறும் 'சார்'. மொச்சைப் படிகத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்து இரண்டு வருஷம் போல ஆகியிருந்தது. டென்மார்க்கில் ஒரு குழுவிடமிருந்து கடிதம் வந்தது. 'நீங்கள் எழுதியபடியே செய்கிறோம். படிகம் வரவில்லை.'

மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் எங்கள் உலகத்தில் அதற்கு அர்த்தமே வேறு. 'நிஜமாகவே வளர்த்தீர்களா, கதை விடுகிறீர்களா' என்று கேட்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சார் கொதித்துப்போனார். சிசிலித் தீவில் எரிச்சே என்ற மலையூரில், ஒரு பழைய மடாலயத்துக்குள், படிகம் வளர்ப்பவர்களுக்கென்று ஒரு வாரப் பயிற்சி முகாம் நடக்கவிருந்தது. 'அங்கேயே எல்லார் கண்ணெதிரிலும் வளர்த்துக் காட்டுகிறேன்' என்று பதில் போட்டுவிட்டார். போட்ட கையோடு முதுகில் டிஸ்க் நழுவிப் படுத்தும்விட்டார். விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீங்கதாம்மா போணும்," என்றார் படுத்தபடியே. "நான் எழுதத்தான் செஞ்சேன். வளர்த்தது நீங்கதானே? ஒண்ணும் பயப்படாதீய. இங்க செய்யுத மாதிரியே அங்கயும் செய்யுங்க."

என் கணவர் சேகர் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நாலு தலைமுறையாக சிகந்தராபாத்வாசிகள். வாயைத் திறந்தால் பாதி ஆற்காட்டுத் தமிழ், மீதி தக்கினி உருது. 'கைக்கு' என்றால் ஏன், 'நக்கோ' என்றால் வேண்டாம், 'ஹவ்' என்றால் ஆமாம்.

"எரிச்சேவா? ஊர் பேரே அப்படியா?" என்று முதலில் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வா சாரு. கைக்கு யோசிக்கிற? நான் சமைச்சி சாப்ட்டுக்குவேன். டென்ஷன் நக்கோ," என்றார். சாரதா அவருக்கு எப்போதும் 'சாரு'. அன்று சாயங்காலமே ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு சைஸ் பெரிசு, வழக்கம்போல.

ஊர் என்றால் அது ஊர்!

சும்மா சொல்லக்கூடாது. கீழே கடற்கரைப் பட்டணத்திலிருந்து, கம்பியில் தொங்குகிற ஒரு பெட்டியில் உட்காரவைத்து மலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். திரும்பிப் பார்த்தால் கடலோரம் முழுக்க உப்பளம்! பாத்தி பாத்தியாக, ஒன்று வெள்ளை, ஒன்று ரோஸ். உப்பும் படிகம்தானே? பெட்டிக்குள்ளேயே ஒரு குதி குதித்துவிட்டேன். பெட்டி ஆடியது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மேலே எல்லாம் கல். கல் மதில், கல் வீடு, கல் தரை. தரையைக் கட்டம் கட்டமாகப் பதித்து, நூற்றாண்டுக் கணக்கில் நடந்து நடந்து வழவழவென்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். உச்சியில் ஒரு கோட்டை. கோட்டைக்கு அடியில் அதைவிடப் பழைய, ஒரு பெண் தெய்வத்தின் கோயில் இருந்ததாம். வீட்டுக் கதவுகள் எப்போதும் சாத்தியே இருக்கும். யாராவது உள்ளே போகும்போது ஒரு நொடி திறக்கும். அப்போது பார்த்தால் உள்ளே ஒரு முற்றம், சுற்றிலும் பூந்தொட்டி. நான் வெட்கமே இல்லாமல் நின்று எட்டிப் பார்த்தேன்.

மேகம்தான் அந்த ஊரின் பெரிய வேடிக்கை. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிஷத்தில் மேகம் சந்துக்குள் நுழைந்து பக்கத்து ஆளை மறைத்துவிடும். இன்னும் ஐந்து நிமிஷத்தில் ஒன்றும் நடக்காதது மாதிரி வெயில்.

மடாலயத்தில் என் அறையில் கூடத் தங்கியவள் பெயர் லிசா. ஆராய்ச்சி மாணவி. நெடுநெடுவென்று இருப்பாள், ஓயாமல் நகம் கடிப்பாள். மறுநாள்தான் தெரிந்தது, எங்களுக்குக் கடிதம் போட்டது அவளுடைய குழுதான்! எங்கள் மொச்சையை வளர்க்கப் பார்த்து ஒன்றரை வருஷத்தைத் தொலைத்தவள் இவள்தான்.

"என் கை சரியில்லை என்கிறார் பேராசிரியர்," என்றாள் ஆங்கிலத்தில். "இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையாம். இந்த முகாமோடு படிப்பை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்."

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? பாவம் என்று தோன்றவில்லை. 'பின்னே, நம் செய்முறையில் தப்பு இருக்குமா? இந்தப் பெண்ணுக்குத்தான் கை வரவில்லை' என்று தோன்றியது. வெட்கக்கேடு. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். திங்கட்கிழமை தட்டு தயாரிக்கும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பார், இப்படி," என்று கொஞ்சம் திமிராகவே காட்டினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லார் முன்னிலையிலும் என் படிகங்களைத் திரையில் காட்ட வேண்டும்.

வெறும் சொட்டு

புதன்கிழமை பார்த்தேன். இருபத்து நான்கு குழியிலும் வெறும் சொட்டு. சாயங்காலம் மறுபடி பார்த்தேன். சொட்டு சொட்டாகவே இருந்தது. தண்ணீர் மாதிரி தெளிவு, ஒரு தூசிகூட இல்லை.

கணவரைப் போனில் கூப்பிட்டு அழுதேன். "மொச்சை சரியில்லையோ?" என்றார். "டிசம்பர் மாசத்துலயும் ஒழுங்கா வராதுன்னு சொல்வியே."

அது வாஸ்தவம். டிசம்பர், ஜனவரியில் எங்களுக்கே சரியாக வராது. குளிர்காலத்து மொச்சையில் சத்துக் குறைவு என்று சார் அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். நாங்களும் தலையாட்டிக்கொண்டு, அந்த இரண்டு மாதமும் மார்க்கெட்காரனோடு சண்டை போடுவோம்.

லிசா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 'பார்த்தாயா, உனக்கும் வரவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கோப்பை டீ கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவள் நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

எண்ணெய் பாட்டில்

வியாழக்கிழமை காலை. லிசா டிபன் சாப்பிடப் போயிருந்தாள். தலை வாரிக்கொள்ள உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு துளி விழவில்லை. உறைந்து கிடந்தது. வந்த நாளிலிருந்து அப்படித்தான். தினமும் சுடுதண்ணீர்க் குழாயில் காட்டி உருக்கி, தடவி, பின்னிக்கொண்டு போய்விடுவேன். அன்றும் உருக்கித் தடவி, பாதி பின்னினேன். அதற்குள் பாட்டிலின் ஓரத்தில் எண்ணெய் மறுபடி வெள்ளை கட்ட ஆரம்பித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடிப் பாவி!

தேங்காய் எண்ணெய் உறைய வேண்டுமானால் இருபத்து நாலு, இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே போக வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். தார்நாகாவில் என் படிக அறை என்பது பழைய ஸ்டோர் ரூம். மேற்குப் பார்த்த ஒரே ஜன்னல், ஏசி கிடையாது. வருஷத்தில் பத்து மாதம் அங்கே முப்பது டிகிரிக்குக் குறையாது. டிசம்பரில் படிகம் வராததற்கு மொச்சையைத் திட்டினோமே, மொச்சை என்ன செய்யும்? குளிர்! இந்தப் புரதம் சூட்டில்தான் படிகமாகும்!

கட்டுரையில் என்ன இருக்கிறது? 'அறை வெப்பநிலையில் வைக்கவும்.' அதை எழுதியது யார்? என் நோட்டில் நான்தான் எழுதினேன். சார் அப்படியே எடுத்துப் போட்டார். எந்த அறை? எங்கள் அறை! டென்மார்க்கில் அறை என்றால் இருபது டிகிரி. லிசா ஒரு தப்பும் செய்யவில்லை. நான் எழுதியதை நம்பினாள், அவ்வளவுதான்.

ஒரு பக்கம் வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்னொரு பக்கம், மறைக்காமல் சொல்கிறேன், கூத்தாட வேண்டும்போல் சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன்! யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்துவிட்டேன்!

ஆனால் சூட்டுக்கு எங்கே போவது? மே மாதம் பிறந்துவிட்டால் மடாலயத்தில் ஹீட்டர் போடுவதில்லையாம். மேகத்தால் கம்பிப் பெட்டியும் நின்றுவிட்டது, கீழே பட்டணத்துக்கு இறங்க முடியாது. இரண்டு சந்து தள்ளி ஒரு பாதாம் இனிப்புக் கடை இருந்தது. அங்கே விடியற்காலையிலிருந்து அடுப்பு எரியும். எண்ணெய் பாட்டிலை ஸ்வெட்டர் பையில் போட்டேன், தட்டைத் துவாலையில் சுற்றினேன், ஓடினேன்.

ரொஸாரியாவின் அலமாரி

கடைக்காரி பெயர் ரொஸாரியா. என் வயது, என்னைவிடச் சத்தம். அவளுக்கு இத்தாலி பாஷை மட்டும் தெரியும், எனக்கு அது மட்டும் தெரியாது. தினம் அவளிடம் பாதாம் பிஸ்கட் வாங்கித் தின்ற பழக்கம்தான். அந்தக் காலத்தில் கன்னியாஸ்திரி மடத்துப் பெண்கள் செய்த பக்குவம் அது.

செல்போனில் தமிழில் பேசி மொழிபெயர்ப்பைக் காட்டினேன். 'இதற்கு இளஞ்சூடு வேண்டும். ஆட்டக்கூடாது. இரண்டு நாள்.'

அவள் சொட்டுகளை உற்றுப் பார்த்தாள். 'சாப்பிடுவதா?' என்று வாயருகே கையைக் கொண்டுபோய்க் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். 'பின்னே?' என்று இரண்டு கையையும் விரித்தாள். என்ன சொல்வது? போனில் மொச்சைக்கொட்டைப் படத்தைக் காட்டினேன். அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே ஓடி, மொச்சைக்கு அக்கா மாதிரி பெரிய பெரிய கொட்டையாக ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து காட்டினாள். அவர்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் அதுதானாம். அந்த நிமிஷமே உறவாகிவிட்டோம்.

அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று அடுக்கு அலமாரி. அதற்குள் மறுபடி உறைந்துவிட்ட எண்ணெய் பாட்டிலைக் கீழிருந்து ஒவ்வோர் அடுக்காக வைத்துப் பார்த்தேன். கீழே எண்ணெய்க் கட்டி அசையவில்லை. நடுவில் கால் மணி நேரத்தில் உருகித் தெளிந்தது. மேலே வைத்ததும் பாட்டிலே சுட்டது. தட்டை நடு அடுக்கில் வைத்துவிட்டு, மடாலயத்துக்குப் போய் ஒரு தெர்மாமீட்டர் இரவல் வாங்கி வந்து பார்த்தேன். முப்பத்தொன்று, என் ஸ்டோர் ரூமின் அதே சூடு! கத்தியே விட்டேன். ரொஸாரியாவும் கூடச் சேர்ந்து கத்தினாள், எதற்கென்று தெரியாமலே.

அடுப்பை அணைத்த பிறகு என்ன செய்வது என்று கேட்டேன். சுவரைத் தொட்டுப் பார் என்றாள். விடியும்வரை அந்தச் சூடு போகாதாம். மாவுச் சாக்கை எடுத்து அலமாரிக்குத் திரைபோல் தொங்கவும் விட்டாள்.

சாரின் யோசனை

மத்தியானம் சாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அப்போ தப்பு நம்ம பேப்பர்லதான்."

"ஆமா சார். நான் எழுதினது."

"சரி, சொல்லுதேன் கேளுங்க. சனிக்கிழமை படிகம் வந்துட்டுன்னா காட்டுங்க. சூட்டுல வச்சா இன்னும் நல்லா வருதுன்னு சொல்லுங்க. பேப்பர்ல தப்புன்னு மட்டும் சொல்லாதீய."

"சார், அந்தப் பொண்ணு ஒன்றரை வருஷம் வீணாப் போயி..."

"அதுக்கு நாம என்னம்மா செய்ய முடியும்? இத்தனை வருஷத்து லேப் பேரு. மலை மேல ஏறி நின்னு நாமளே கெடுத்துக்கிடணுமா?"

எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஆனால் சாரை எதிர்த்து நான் பேசினதே கிடையாது. அன்றும் "சரி சார்" என்றுதான் வைத்தேன்.

அறைக்கு வந்தால் லிசா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். படிப்பை விடுவதாகப் பேராசிரியருக்கு எழுதிவிட்டாளாம், அனுப்புவதுதான் பாக்கி. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் படிகம் இன்னும் வரவில்லையே? சொல்லிவிட்டு, சனிக்கிழமையும் வெறும் சொட்டாக இருந்தால்? அந்தப் பெண்ணை இரண்டாம் தடவை ஏமாற்ற எனக்குத் தைரியம் இல்லை.

"சனிக்கிழமை பத்து மணிவரைக்கும் அனுப்பாதே," என்றேன். "ஏன் என்று கேட்காதே. அனுப்பாதே."

அன்று சாயங்காலம் போனில் கணவரிடம் சார் சொன்னதைச் சொன்னேன்.

"உனக்கு என்னா தோணுது?"

"சொல்லணும்னுதான்."

"ஹவ். அப்ப சொல்லு. கைக்கு என்னைக் கேக்கற?"

சனிக்கிழமை

ஏழு மணிக்கே ரொஸாரியா கடையில் நின்றேன். கைலென்ஸை வைத்துப் பார்த்தேன். முதல் குழி, ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஒன்றுமில்லை. ஐந்தாவதில் ஒரு புள்ளி. தூசியா, மாவா, படிகமா? லென்ஸில் தெரியவில்லை. தட்டைத் துவாலையில் சுற்றிக்கொண்டு மடாலயத்துக்குக் கிளம்பினேன். ரொஸாரியா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கூடவே வந்துவிட்டாள்.

பத்து மணி. நாற்பது பேர். தட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் தள்ளி, குமிழைத் திருப்பினேன். திரை முதலில் மங்கலாக இருந்தது. அப்புறம் தெளிந்தது.

மின்னியது! கூரான ஓரங்கள், பளிச்சென்ற முகங்கள், ஒன்றன்மேல் ஒன்று படாமல் தனித்தனியாக. அடுத்த குழியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். மொத்தம் பதினோரு குழி! கைதட்டல் கூரையில் முட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது ரொஸாரியா. லிசா மட்டும் தட்டவில்லை. தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊரிலேயே சார் எழுதிக் கொடுத்திருந்த பேச்சை மடித்துக் கைப்பைக்குள் போட்டேன்.

"எங்கள் கட்டுரையில் 'அறை வெப்பநிலை' என்று இருக்கிறது," என்றேன் என் ஓட்டை ஆங்கிலத்தில். "அது தப்பு. எங்கள் அறை முப்பத்தொரு டிகிரி. அதை எழுதாமல் விட்டது நான். கட்டுரையில் என் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது. நான் டெக்னீஷியன். ஆனால் தப்பு என்னுடையது. லிசாவின் கையில் ஒரு குறையும் இல்லை."

லிசா எழுந்து வந்தாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. தோள் குலுங்குவது தெரிந்தது. அப்புறம் திரும்பி என்னை அப்படியே கட்டிப்பிடித்தாள். "ஏய், தட்டு! தட்டு!" என்று தமிழில் அலறினேன். நல்லவேளை, யாரோ பிடித்துவிட்டார்கள்.

அவள் அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை.

திரும்பிய பிறகு

நான் தார்நாகா வந்து சேர்வதற்கு முன்பே செய்தி சாருக்கு வந்து சேர்ந்திருந்தது. "வாங்க," என்றார், அவ்வளவுதான். பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் வீம்பு, நானும் பேசவில்லை.

ஒரு நாள் மத்தியானம், கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் ஸ்டோர் ரூமுக்கே வந்தார். ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"டென்மார்க்ல அந்தப் பொண்ணு முப்பத்தொரு டிகிரியில வச்சு வளர்த்துட்டாளாம், எழுதியிருக்கா," என்றார். "தப்பு உங்களோடதுன்னு ஊருக்கே சொல்லிட்டீயல்லா? அப்போ திருத்தமும் உங்க பேர்லதான் வரணும். படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க."

'திருத்தம்' என்ற தலைப்பு. அதன் கீழே மூன்று பெயர். முதலில் என் பெயர். அடுத்தது லிசா. கடைசியில்தான் சார். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. 'அறை வெப்பநிலை என்றிருப்பதை முப்பத்தொரு டிகிரி என்று திருத்தி வாசிக்கவும்.'

அது அச்சாகி வந்த அன்று, என் செல்போனில் எடுத்துக் கணவரிடம் காட்டினேன்.

"அரே! எங்க ஒர்க்‌ஷாப்ல தப்புப் பண்ணா மெமோதான் குடுப்பாங்க. உனக்குப் பேர் போட்டு பிரிண்ட் பண்றாங்களா?" என்று சிரித்தார். அப்புறம் இரண்டு விரலால் என் பெயரைப் பெரிதாக்கினார். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். "சாரு," என்றார். மறுபடி முதல் எழுத்திலிருந்து படித்தார். எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் உறைத்தது. முப்பது வருஷமாக நான் வளர்த்த படிகங்களைப் பற்றி எத்தனையோ பக்கம் அச்சாகியிருக்கிறது. ஒன்றிலும் நான் இல்லை. என் பெயர் வருவதற்கு ஒரு தப்பு வேண்டியிருந்தது. ரிட்டயராக இன்னும் நாலு வருஷம் இருந்தது.

மறுநாள் காலை, பையைக்கூட வைக்காமல் நேரே சார் அறைக்குப் போனேன்.

"சார், அடுத்த பேப்பர்ல என் பேர் எங்க வரும்?" என்று கேட்டேன்.